ஒட்டகத்தின் முறையீடும் 50 ரூபாய் அபராதமும்

   

 

கடந்த மாதம் நம் மஹல்லாவில் ஒரு நிகாஹ். ஓதி வைத்தவன் நான்தான். மாப்பிள்ளை குதிரையில் வந்தார். முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் குதிரை. (பேண்டு வாத்தியத்தைப் பற்றிப் பேச வேறொரு ஜும்ஆ வேண்டும், இன்று விட்டுவிடுகிறேன்.) மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை இறங்கி உள்ளே வந்தார். ஈஜாப் கபூல் முடிந்தது, துஆ ஓதினோம், பிரியாணி சாப்பிட்டோம், நான் அஸருக்குப் பள்ளிக்கு வந்துவிட்டேன். அந்தக் குதிரையை நானும் பார்த்தேன். அதன் முதுகில் போட்டிருந்த ஜரிகைத் துணியைத்தான் பார்த்தேன்.

அன்று இஷா தொழுத பிறகு நம் ஜமாஅத்தில் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஹஜ்ரத், அந்தக் குதிரைக்குச் சேணத்துக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. சீழ் வச்சிருக்கு. மண்டபத்துக்கு வெளிய வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னுச்சு, யாரும் தண்ணி காட்டல" என்றார். குதிரைக்காரரிடம் இவர் போய்க் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன பதில்: "என் குதிரை. நீ யாரு கேக்குறதுக்கு?"

தம்பி விடவில்லை. காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். உட்கார வைத்து, முழுவதும் கேட்டுவிட்டு, பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: "தம்பி, இதுக்குக் கோர்ட்டுக்கு எழுதி அனுமதி வாங்கிட்டுத்தான் விசாரிக்கவே முடியும். அப்படியே தண்டனை ஆனாலும் முதல் தடவைன்னா அதிகபட்சம் அம்பது ரூபா."

"அம்பது ரூபாயா ஹஜ்ரத்?" என்று அந்தத் தம்பி என்னிடம் கேட்டார். ஏதோ தவறாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். சட்டப் புத்தகத்தையே எடுத்து வந்து காட்டினார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் பெயர் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. அது வந்த வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1950களில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டு வந்து போராடினார். அதன் பிறகுதான் அன்றைய அரசு தானே சட்டம் இயற்றியது. 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தது, அவரே அதன் முதல் தலைவர். நீண்ட காலம் அந்த வாரியம் சென்னையில்தான் இருந்தது.

சட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் நல்ல சட்டம்தான். புண்ணோ நோயோ மூப்போ உள்ள பிராணியை வேலை வாங்குவது குற்றம். போதிய தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காமல் வைத்திருப்பது குற்றம். வேதனை தரும்படி வண்டியில் ஏற்றிச் செல்வது குற்றம். ஒன்றோடு ஒன்றைச் சண்டைக்கு விடுவது குற்றம். அந்தக் குதிரையின் நிலைமை முதல் இரண்டிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் தண்டனை? முதல் முறை 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் 50 ரூபாய் என்றால் ஒரு கூலித் தொழிலாளி பல நாள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய தொகை. இன்று இரண்டு பேர் டீ குடித்து வடை சாப்பிட்டால் முடிந்துவிடும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகையை யாரும் மாற்றவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அபராதத்தை ஆயிரக்கணக்கில் உயர்த்தவும், கொடூரமான வதைக்குச் சிறைத் தண்டனை கொடுக்கவும் அதில் வழி இருந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

இன்னொன்றையும் அந்த வக்கீல் காட்டினார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு. அதன்படி ஒரு பிராணியைக் கொன்றால், விஷம் வைத்தால், ஊனமாக்கினால் ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பரவாயில்லையே என்றேன். அவர் சிரித்தார். "ஹஜ்ரத், அது சேதம் விளைவிக்கும் குற்றத்துக்கான பிரிவு. அடுத்தவனுக்கோ பொதுமக்களுக்கோ நஷ்டம் உண்டாக்கினால்தான் அது பேசும்" என்றார். தெருநாய்க்கு விஷம் வைத்தவர்கள் மீது சிலர் போராடி அந்தப் பிரிவில் வழக்குப் பதிய வைக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனால் அந்தப் பிரிவின் அடித்தளம் பிராணியின் வலி இல்லை, மனிதனின் நஷ்டம். அடுத்தவன் குதிரையின் காலை ஒடித்தால் ஐந்து ஆண்டு. தன் குதிரையைச் சீழ் வடியும் முதுகோடு ஓட்டினால் 50 ரூபாய்.

ஆக, குதிரைக்காரர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. "என் குதிரை, நீ யார்?" இன்றைய சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் கேட்கிறது. நம் மார்க்கம் அதற்கு என்ன பதில் சொல்கிறது?

அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் போகிறார்கள். அங்கே ஒரு ஒட்டகம். நபியவர்களைக் கண்டதும் அது முனகியது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நபியவர்கள் அருகில் போய் அதன் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தார்கள். அது அமைதியானது. பிறகு, இந்த ஒட்டகம் யாருடையது என்று கேட்டார்கள். ஓர் அன்சாரி இளைஞர் வந்து, என்னுடையதுதான் அல்லாஹ்வின் தூதரே என்றார். அல்லாஹ் உனக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் நீ அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா, நீ இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக இது என்னிடம் முறையிடுகிறது என்ற கருத்தில் நபியவர்கள் அவரைக் கண்டித்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இளைஞர் "என்னுடையது" என்றார். நபியவர்கள் அதை மறுக்கவில்லை. உடைமைதான், ஆனால் உடைமையாக்கித் தந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று நினைவூட்டினார்கள். ஒட்டகத்தை முறையீடு செய்யும் இடத்தில் வைத்தார்கள், உரிமையாளரைப் பதில் சொல்லும் இடத்தில் வைத்தார்கள். காழியின் முன்னால் வாதி, பிரதிவாதி நிற்பது போல.

பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஹதீஸ் உங்கள் எல்லோருக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உணவும் கொடுக்கவில்லை, பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தின்னட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை, அதனால் நரகம் சென்றாள். நூறு முறை கேட்டிருப்போம். அது யாருடைய பூனை என்று என்றைக்காவது யோசித்தோமா? அதை ஹதீஸ் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. யாருக்கும் நஷ்டம் வந்ததாகவும் இல்லை. பூனைக்கு வந்த பசிதான் குற்றம்.

இப்னு உமர் (ரலி) அவர்களின் சம்பவம் இதைவிடத் தெளிவானது. குறைஷி வாலிபர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி நிறுத்தி, அதன் மேல் அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பறவைக்குச் சொந்தக்காரனுக்கும் அதில் உடன்பாடு உண்டு. குறி தவறிப்போகும் அம்பெல்லாம் அவனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். சொத்து அவனுடையது, சம்மதம் அவனுடையது, லாபமும் அவனுக்கு. இன்றைய பேச்சில் சொன்னால், யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் இப்னு உமர் (ரலி), உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கண்டித்தார்கள். அந்த ஹதீஸில் இன்னொரு சிறு செய்தியும் இருக்கிறது. இப்னு உமரைக் கண்டதுமே அந்த வாலிபர்கள் கலைந்து ஓடிவிட்டார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்ற பயம். குதிரைக்காரர் என் முன்னால் கலையவில்லை. 50 ரூபாயைப் பார்த்தும் கலைய மாட்டார்.

சிலர் கேட்கலாம்: ஹஜ்ரத், இரக்கம் என்பது ஈமானில் இருந்து வர வேண்டும், போலீஸுக்குப் பயந்து காட்டுகிற இரக்கத்துக்கு அல்லாஹ்விடம் என்ன கூலி? பயான் செய்யுங்கள், உள்ளத்தைத் திருத்துங்கள், சட்டம் எதற்கு? நல்ல கேள்வி. இதைவிட அழகாகவே இதை நம் ஃபுகஹாக்கள் விவாதித்திருக்கிறார்கள்.

நான் மத்ரஸாவில் ஓதும்போது கிதாபுந் நஃபகாத், அதாவது ஜீவனாம்சம் பற்றிய பாடம், ஆண்டுக் கடைசியில் வந்தது. மனைவிக்குச் செலவு, பிள்ளைக்கு, பெற்றோருக்கு, பணியாளுக்கு என்று போய், பாடத்தின் முடிவில் பிராணிகளுக்கான செலவு வரும். பரீட்சை நெருங்கிவிட்டதால் அந்தக் கடைசிப் பகுதியை வேகமாக ஓதிக் கடந்துவிட்டோம். இருபது வருடம் கழித்து, இந்தக் குதிரைக்காகத்தான் அதை மறுபடி உட்கார்ந்து வாசித்தேன்.

தன் பிராணிக்குத் தீனி போட மறுப்பவன் பாவி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு, காழி அவனைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில். ஷாஃபிஈ மத்ஹபில் காழி கட்டாயப்படுத்துவார். தீனி போடு, அல்லது விற்றுவிடு, உண்ண ஆகுமான பிராணியாக இருந்தால் அறுத்துவிடு. அவன் எதுவும் செய்யாவிட்டால் அவன் சார்பில் காழியே முடிவெடுப்பார். மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளும் இதையொட்டியே சொல்கின்றன. ஹனஃபி மத்ஹபில் பிரபலமான கூற்று வேறு. அது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள கடமை, காழி நிர்ப்பந்திக்க மாட்டார். காரணம், தீர்ப்புச் சொல்ல ஒரு வாதி வேண்டும், வாயில்லாத பிராணி வாதியாக வந்து நிற்க முடியாது. ஆனால் இமாமுல் அஃழம் அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களே இதில் மாறுபட்டு, கட்டாயப்படுத்தலாம் என்றார்கள். பிற்காலத்தில் ஹனஃபி மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் கதீரில், பெரும்பான்மை இமாம்களின் கருத்தே சரி என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் முக்கியமானது. பிராணி வழக்காட முடியாவிட்டால் என்ன, அதற்காக ஹிஸ்பா அடிப்படையில் வேறொருவர் வழக்கைக் கொண்டு வரலாமே! பொது நன்மைக்காக, தனக்கு எந்த லாபமும் இல்லாமல், நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் நோக்கில் ஒருவர் காழியிடம் போவதற்குப் பெயர்தான் ஹிஸ்பா. நம் ஆட்டோக்காரத் தம்பி காவல் நிலையத்துக்குப் போனாரே, அது வேறென்ன?

இரக்கம் உள்ளத்திலிருந்து வர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மனைவிக்குச் சாப்பாட்டுக்குக் கொடுக்காத கணவனிடம் காழி, "உனக்கு இக்லாஸ் வரும்வரை காத்திருக்கிறேன்" என்று சொல்வதில்லை. கொடுக்க வைப்பார். அவனுக்குக் கூலி கிடைக்குமா என்பது அவன் பாடு, அவள் பட்டினி கிடக்கக் கூடாது. சட்டம் கொடுப்பவனின் நிய்யத்துக்காக இல்லை, பாதிக்கப்படுபவரின் ஹக்குக்காக. பிராணிக்கு ஹக் உண்டா என்றால், ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தம் கவாஇதுல் அஹ்காமில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கிழடாகி, நோயுற்று, இனி எந்தப் பலனும் தராது என்ற நிலையில் இருக்கும் பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும் என்பது அதில் முதலாவதாக வருகிறது. பலன் தராத பிராணிக்கு! நம் ஊரில் கறவை நின்ற மாடும் காலொடிந்த குதிரையும் ரோட்டில் பிளாஸ்டிக் தின்றுகொண்டு நிற்கின்றன.

இது வெறும் கிதாபில் மட்டும் இருந்ததா? உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆட்சி செய்தார்கள். எகிப்தில் சுமை ஒட்டகங்கள் மீது ஆயிரம் ராத்தல் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு வந்தது. உடனே தம் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்கள்: 600 ராத்தலுக்கு மேல் எந்த ஒட்டகத்தின் மீதும் ஏற்றப்பட்டதாக இனி என் காதுக்கு வரக் கூடாது. பயான் மட்டும் செய்து அனுப்பவில்லை, கவனியுங்கள். எண்ணைப் போட்டு எழுதினார்கள். எண்ணைப் போட்டால்தான் அதிகாரி எடை போட்டுப் பார்ப்பார். தாங்க முடியாத வேலையில் பிராணியை ஈடுபடுத்துபவரைத் தடுப்பது முஹ்தஸிபின் பொறுப்பு என்று இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஆட்சிச் சட்டங்கள் பற்றிய தம் நூலில் எழுதியிருக்கிறார்கள். சந்தையில் தராசைச் சோதிக்கிற அதே அதிகாரி, பிராணியின் முதுகையும் பார்ப்பார்.

இனி, உங்களில் பலர் மனதுக்குள் வைத்திருக்கிற, ஆனால் வாய்விட்டுக் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். ஹஜ்ரத், பிராணி வதைத் தடுப்பு என்றாலே நம் மேல்தானே பாய்கிறார்கள்? அதை நாமே வலுப்படுத்தச் சொல்ல வேண்டுமா?

இந்தப் பயம் கற்பனை இல்லை. 2015இல் தாத்ரியில், 2017இல் அல்வரில் என்ன நடந்தது என்று நாம் மறக்கவில்லை. பால் மாடு வாங்கி வந்த விவசாயியை, வாங்கிய ரசீது கையில் இருந்தும் அடித்துக் கொன்றார்கள். அங்கே மாட்டின் மேல் யாருக்கும் இரக்கம் இருந்ததாக நான் நம்பவில்லை. மாட்டைப் பெயராக வைத்து மனிதனைக் கொன்றார்கள், அவ்வளவுதான். அதே 2017 மே மாதத்தில், இந்த 1960 சட்டத்தின் கீழேயே, கால்நடைச் சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. அது பிராணியின் வலியைக் குறைக்கிற விதி இல்லை, ஏழை விவசாயியின், தோல் தொழிலாளியின், கறிக்கடைக்காரரின் வயிற்றில் அடிக்கிற விதி. மே 30ஆம் தேதி மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்னவென்றால், கெட்ட விதியை நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்திருக்கிறது. அதற்காக நல்ல சட்டத்தைக் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. நாம் ஒதுங்கி நின்றால் என்ன ஆகும்? பிராணிகளின் பாதுகாப்பு என்ற பேச்சு முழுவதும் நம்மை வெறுப்பவர்கள் கைக்குப் போய்விடும். முஸ்லிம் என்றால் பிராணிக்கு எதிரி என்று அவர்கள் சொல்லும் பொய்க்கு நம் மௌனமே சாட்சியாகும். பூனைக்காக நரகமும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்காக மன்னிப்பும் உண்டு என்று ஓதுகிற உம்மத் நாம். அந்த மனிதர் எதில் தண்ணீர் மொண்டார்? கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்தார். நாய் நஜீஸ் என்று சொல்லி அதைக் கல்லால் அடிக்கிற தம்பிமார்கள் இதை யோசிக்க வேண்டும். நஜீஸ் என்பது நம் உடைக்கும் பாத்திரத்துக்கும் உள்ள சட்டம்.

சட்டத்தில் நமக்கு உள்ள பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். அதே 1960 சட்டத்தின் 28ஆம் பிரிவு, எந்தச் சமூகத்தின் மதமும் வேண்டுகிற முறையில் ஒரு பிராணியைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று சொல்கிறது. அபராதம் 50 ரூபாயிலிருந்து 50,000 ஆனாலும் அந்தப் பிரிவு இருக்கிறது, இருக்க வேண்டும். திருத்தம் வேண்டும் என்று கேட்கும்போதே, 28ஆம் பிரிவில் கை வைக்கக் கூடாது என்றும் சேர்த்துக் கேட்போம். யார் வீட்டு வண்டியையும் தெருவில் மறித்து நிறுத்தும் அதிகாரம் எந்தக் கும்பலுக்கும் கிடையாது, சோதனை செய்வது அரசு அலுவலர் மட்டுமே என்று தெளிவாக எழுதவும் கேட்போம்.

ஆனால் ஜமாஅத்தார்களே, 28ஆம் பிரிவு அறுக்கும் முறைக்குத்தான் பாதுகாப்பு. அதற்கு முந்தைய நாட்களுக்கு இல்லை. லாரியில் ஒன்றன் மேல் ஒன்றாக ஆட்டை அடைத்து வருவதற்கு இல்லை. காலைக் கட்டி, தலை கீழாக, பைக் ஹேண்டில் இரண்டு பக்கமும் கோழிகளைத் தொங்கவிட்டுப் போவதற்கு இல்லை. தினமும் நம் கடைத் தெருவில் அதைப் பார்க்கிறோம், கோழி ஹலாலா என்று மட்டும் கேட்கிறோம்.

நான் இங்கே இமாமாக வந்த புதிதில் முதல் குர்பானி. வெயிலில் பதினேழு ஆடுகளை வரிசையாகக் கட்டியிருந்தோம். எனக்கு அவசரம், லுஹருக்கு முன் முடிக்க வேண்டும். ஒன்றை அறுக்கும்போது மற்றவை பார்த்துக்கொண்டு நின்றன. அறுக்க வந்தவர் அறுபது வயது தாண்டிய கறிக்கடைப் பெரியவர். கத்தியைக் கையில் எடுக்காமல் நின்றார். "ஹஜ்ரத், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு தார்ப்பாயைக் கொண்டு வந்து நடுவில் கட்டினார். மற்ற ஆடுகளை அந்தப் பக்கம் திருப்பி விட்டார். ஒரு வாளித் தண்ணீர் வைத்தார். சுவருக்கு அப்பால் போய்க் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். "எங்க அத்தா சொல்லிக் கொடுத்தது, ஹஜ்ரத்" என்றார். ஏழு வருடம் ஓதிப் பட்டம் வாங்கிய ஆலிம் நான். ஆட்டின் கண் முன்னே கத்தி தீட்டியவரைப் பார்த்து, இதை இரண்டு முறை சாகடிக்கப் போகிறாயா என்ற பொருளில் நபியவர்கள் கேட்ட ஹதீஸை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதை எனக்குச் செய்து காட்டியவர் ஸனது வாங்காத அந்தப் பெரியவர். இப்போது அவர் இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றைப் பிரகாசமாக்கட்டும்.

அவரைப் போன்றவருக்குச் சட்டம் தேவையில்லை. அவர் இல்லாத இடத்துக்குத்தான் சட்டம் தேவை.

சரி, மாநில அரசு என்ன செய்ய முடியும்? இது மத்தியச் சட்டம் ஆயிற்றே என்று சொல்ல வேண்டாம். பிராணி வதைத் தடுப்பு அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது, மாநிலமும் திருத்தம் கொண்டு வரலாம். நம் மாநிலம் ஏற்கெனவே செய்தும் காட்டியிருக்கிறது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். ஜனவரி 21இல் அவசரச் சட்டம், 23இல் சட்டமன்றத்தில் மசோதா. இதே 1960 சட்டத்தைத்தான் ஜல்லிக்கட்டுக்காகத் திருத்தினார்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. ஜல்லிக்கட்டைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மனம் வைத்தால் சில நாட்களில் முடியும் என்பதற்கு அதுவே ஆதாரம். குதிரைக்கும் கழுதைக்கும் கோழிக்கும் மெரினாவில் கூட ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அபராதத்தைக் குதிரைக்காரர் ஒரு ஊர்வலத்துக்கு வாங்கும் கூலியைவிட அதிகமாக ஆக்க வேண்டும். புகார் வந்தால் காவலர் நேரடியாக வந்து பார்க்கும் அதிகாரம் வேண்டும். இதோடு நிறுத்தினால் அது ஏழைகள் மீது மட்டும் விழும் சட்டமாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குதிரைக்காரரை நான் பிறகு போய்ப் பார்த்தேன். வாடகை வீடு, மூன்று பெண் பிள்ளைகள். குதிரைக்கு மருத்துவம் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை, கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருகிறார் என்றார். ஓய்வு கொடுத்தால் அந்த மாதம் அரிசிக்கு வழியில்லை. இது அவருடைய பாவத்தைப் போக்கிவிடாது. ஆனால் அவரிடம் அபராதம் கேட்கும் அரசு, முதலில் டாக்டரை அனுப்ப வேண்டும். உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் ஆட்சியில் பைத்துல் மால் ஏழைகளைத் தேடிப் போனது என்பதையும் நாம் சேர்த்தே படித்திருக்கிறோம். அதே போல, குர்பானி நாட்களில் சுத்தமான, நிழலும் தண்ணீரும் வடிகாலும் உள்ள அறுப்பிடங்களை உள்ளாட்சியே அமைத்துத் தர வேண்டும் என்றும் கேட்போம். இடம் தராமல் தெருவில் அறுக்காதே என்று மட்டும் சொல்வது நியாயம் இல்லை.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதியிருக்கிறோம். வக்கீல் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். சட்டமன்ற உறுப்பினருக்கும் கால்நடைத் துறை அமைச்சருக்கும் அனுப்பப் போகிறோம். தொழுகை முடிந்து போகும்போது வாசலில் ஆட்டோக்காரத் தம்பி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்காமல் போட வேண்டாம். உடன்பாடு இல்லாதவர்கள் என்னிடம் வந்து பேசலாம், கோபப்பட மாட்டேன்.

இன்னொரு விஷயம் நிர்வாகிகளோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். இனி நம் மஹல்லாவில் மாப்பிள்ளை குதிரையில் வருவதாக இருந்தால், நிகாஹ் தஃப்தரை நான் திறப்பதற்கு முன்னால் வெளியே போய்ச் சேணத்தைக் கழற்றிக் குதிரையின் முதுகைப் பார்ப்பேன். புண் இருந்தால் மாப்பிள்ளை வீட்டார்தான் டாக்டர் செலவு. நடந்து வந்தால் எந்தச் செலவும் இல்லை, நிகாஹும் கூடும்.

அந்தக் குதிரைக்கு இப்போது புண் ஆறி வருகிறது. நம் ஜமாஅத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு மாதத் தீனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதத்துக்கு இன்னும் ஆள் வேண்டும்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.